ரெண்டு இஞ்ச்

விடியுமுன் பிடித்த ஸ்டியரிங்கை அவள் விட்டபோது மதியம் தாண்டியிருந்தது. முதுகு பலகையாகிவிட்டது. கிளட்ச் மிதித்து மிதித்து இடது கால் யாரோ இரவல் கொடுத்த கால் மாதிரி இருந்தது. பஸ்ஸை வரிசையில் நிறுத்திவிட்டு, சாவியை டைம் கீப்பர் மேஜையில் வைத்தாள்.

"வெளிய உன் ஆளு வந்து நிக்கிறாரும்மா, யானையோட," என்றார் டைம் கீப்பர். "யானை கொஞ்சம் இளைச்ச மாதிரி தெரியுது."

டிப்போ வாசலில் ஜீப் நின்றது. அதன் மேல் சாய்ந்துகொண்டு அவளுடைய புருஷன் நின்றான். புருஷன் என்பதா, முன்னாள் என்பதா என்று ஒரு வருஷமாக இழுபறி. கோர்ட்டுக்கு இரண்டு பேருமே போகவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே.

யானை இளைத்துத்தான் போயிருந்தது. முன்னால் துருத்திக்கொண்டிருந்த இரும்பு பம்பர் இல்லை. அதில் சுற்றியிருந்த இழுவைக் கம்பி இல்லை. கூரை மேல் கட்டில் மாதிரி கிடந்த கேரியர் இல்லை. இடுப்பு உயரத்துக்கு நின்ற சேற்று டயர்கள் நாலும் போய், கம்பெனியில் வந்த பழைய டயர்கள் வந்திருந்தன.

"எல்லாத்தையும் கழட்டிட்டேன்," என்றான். விரல் முட்டி எல்லாம் தோல் உரிந்திருந்தது. தண்ணீர் பம்ப் ஸ்டேஷனில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, பகலில் ஸ்பேனர் பிடித்ததில் கண்கள் சிவந்திருந்தன. "வாங்கின அன்னிக்கு எப்படி இருந்துச்சோ, அப்படியே இருக்கு. நீயே ஓட்டிப் பாரு."

அவள் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பஸ்காரி புத்தி. பின் சக்கரத்தருகே ஒரு கணம் குனிந்தாள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே முழுக் கை நுழையும் இடைவெளி. அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி டயர் உள்ளே தொளதொளவென்று நின்றது.

பார்த்தாள். பார்க்காத மாதிரி எழுந்தாள்.

காரணம், வாலு. அவர்களுடைய பதினோரு வயது மகள். போன வருஷம் ஒரு மழை நாளில், இறக்கத்து வளைவில், இந்த ஜீப் கவிழப் பார்த்து ஒருவழியாக நிமிர்ந்தது. பின் சீட்டில் இருந்த வாலுவின் தலை கண்ணாடியில் மோதியது. பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு புடைப்பு. "ரோடு வழுக்குது," என்றான் இவன். அவளோ, அந்த வாரமே மகளோடு தனி வீடு பார்த்துவிட்டாள். அது ஒன்று மட்டும் காரணமில்லை. ஆனால் மற்றதையெல்லாம் அடுக்குவதைவிட இதைச் சொல்வது சுலபம்.

அன்று முதல் ஒரே நிபந்தனை: அந்த ஜீப்பில் வாலு ஏறக் கூடாது. இப்போது ஸ்கூல் லீவு. மலை மேல் இருக்கும் ஏரிக்கு அப்பாவோடு போய் நாலு நாள் கூடாரம் போட வேண்டும் என்று வாலு ஒற்றைக் காலில் நிற்கிறது. பையைக்கூடக் கட்டியாயிற்று. அம்மா ஓட்டிப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அவளும் சரி என்று சொல்லத்தான் வந்திருந்தாள். அந்த வீட்டில் 'வேண்டாம்' டிபார்ட்மெண்ட் முழுக்க அவள் தலையில். 'சரி' டிபார்ட்மெண்ட் வாரத்துக்கு ஒருநாள் வந்து, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே தன் குரல் அலுத்துப் போயிருந்தது.

ஏறி உட்கார்ந்தாள்.

"பெல்ட்டு," என்றாள்.

"பஸ்ல யாருக்காவது பெல்ட் போடச் சொல்லியிருக்கியா நீ?"

"பஸ்ல யாரும் இவ்வளவு பேச மாட்டாங்க."

கிளட்சை விட்டாள். வண்டி துள்ளிப் பாய்ந்தது. வாசலுக்கு வேடிக்கை பார்க்க வந்த டைம் கீப்பர் ஓர் எட்டு பின்வாங்கினார்.

"பாத்தியா?" அவன் முகம் மலர்ந்தது. "முன்னாடி சிக்னல் விழுந்தா பின்னாடி இருக்கறவன் ஹாரன் அடிச்சே கொல்லுவான். இப்ப பிக்கப் எப்படி?"

ஒன்றாவது கியர் தும்மல் மாதிரி வந்து போயிற்று. இரண்டாவதும் அப்படித்தான். தெருமுனை வருவதற்குள் மூன்றாவதில் இருந்தாள்.

"ஆக்சிலுக்குள்ள பல்சக்கரம் மாத்தினியே, அது அப்படியே இருக்கா?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "அது உள்ள இருக்கற சமாச்சாரம். பிரிச்சா ஒரு வாரம் ஆகும். நல்லாத்தானே இழுக்குது?"

விஷயம் இதுதான். சேற்று டயர் போட்டபோது அந்தக் கனத்தைச் சுழற்ற முடியாமல் ஜீப் கிளம்பவே அழுதது. அதனால் ஆக்சிலுக்குள் வேறு பல்சக்கரம் போட்டு இழுவையைக் கூட்டினான். இப்போது டயர் சின்னதாகிவிட்டது, கூட்டிய இழுவை அப்படியே நிற்கிறது. மாடிப்படியில் குட்டிக் குட்டி எட்டு வைத்து ஏறுகிற ஆளை, அதே எட்டில் மைதானத்தில் ஓடச் சொன்ன கதை. கிளம்பும்போது ஜோராக இருக்கும். பாதி தூரத்தில் நாக்கு தள்ளும்.

நெடுஞ்சாலையில் தள்ளிற்று. முள் தொண்ணூறைத் தொட்டபோது இன்ஜின் மிக்ஸி மாதிரி அலறியது. காய்கறி மூட்டை கட்டிய ஸ்கூட்டர் ஒன்று அவர்களைச் சாவகாசமாகத் தாண்டியது. ஓட்டிய பெரியவர் திரும்பி ஓர் அனுதாபப் பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

"அந்த ஐயா என்ன, நூத்திப்பத்துல போறாரா?"

"முள்ளு கொஞ்சம் கூட்டிக் காட்டும். பல்சக்கரம் மாத்தினதால வர்ற கணக்கு."

"அப்ப நாம எவ்வளவுல போறோம்?"

"எழுபது. எழுபத்தஞ்சு இருக்கும்."

"இருக்கும்," என்றாள் அவள். சரி, வேகம் குறைவுதானே, நல்லதுதானே என்று மனசு அவனுக்காக வக்காலத்து வாங்கியது.

சாலை குறுகி இரு வழியானது. முன்னால் மணல் லாரி ஒன்று ஊர்ந்தது. எதிர்ப் பக்கம் வெகு தூரத்துக்குக் காலி. கண்ணாடி பார்த்தாள், விளக்குப் போட்டாள், மூன்றாவதுக்கு இறக்கி மிதித்தாள்.

ஜீப் சீறிக்கொண்டு லாரியின் பின் சக்கரத்தைப் பிடித்தது. நடுச் சக்கரத்தையும் பிடித்தது. அதோடு சரி. சுவரில் முட்டிய மாதிரி ஜீப் அதற்கு மேல் முந்த மறுத்தது. மிதித்தால் சத்தம் வருகிறது, வேகம் வரவில்லை. மூன்றாவது தீர்ந்துபோயிற்று. எல்லா வண்டியிலும் லாரியைத் தாண்டிய பிறகு தீருகிற கியர், இதில் லாரியின் இடுப்பிலேயே தீர்ந்துவிட்டது.

தூரத்து வளைவில் வெள்ளையாக ஏதோ முளைத்தது. வேன்.

"நாலு போடு," என்றான் அவன். குரல் மிகவும் மெல்லியதாக வந்தது.

அவள் போடவில்லை. பிரேக்கை மிதித்தாள். ஜீப் மூக்கைத் தரையில் குத்துவது போலக் குனிந்தது. லாரியின் பின்புறம் முன்னால் நகர்ந்ததும் உள்ளே நுழைந்தாள். நுழைந்த பிறகும் வண்டியின் உடம்பு அடங்கவில்லை. இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் தள்ளாடி, பிறகுதான் நிமிர்ந்தது. நீண்ட ஹாரனோடு வேன் அவர்களைக் கடந்து போயிற்று.

அவள் திட்டவில்லை. திட்டக்கூடத் தெம்பில்லை என்பதுதான் நிஜம்.

"நாலு போட்டிருந்தா போயிருக்கலாம்," என்றான்.

"போயிருக்கலாம். நீ ஓட்டியிருந்தா போட்டிருப்பியா?"

"போட்டிருப்பேன்."

"பின்னாடி வாலு இருந்தா?"

அவன் தோல் உரிந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த பிரிவில் திரும்பினாள். சாதாரண வளைவு. அவளுடைய பஸ், அறுபது பேரை நிற்க வைத்துக்கொண்டு அலுங்காமல் திரும்பிவிடும். ஜீப் திரும்பவில்லை, யோசித்தது. ஸ்டியரிங் ஒன்று சொல்ல, மேல் உடம்பு அதைக் கொஞ்சம் தாமதமாகக் கேட்டுக்கொண்டு வெளிப்பக்கம் சரிந்தது. வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாக நேர்வழிக்கு வரவில்லை. பிடிவாதக் குழந்தையை இழுப்பது போல இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

மூடிக் கிடந்த ஒரு பெட்ரோல் பங்கில் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தாள்.

"வண்டிய உசத்தப் போட்ட ஸ்பிரிங்க மாத்துனீங்களா?"

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கோபம் வந்தால் அவளுக்கு மரியாதை வந்துவிடும். கல்யாணமான புதிதில் இது தெரியாமல் ரொம்பவே சந்தோஷப்பட்டிருக்கிறான்.

"எல்லாத்தையும் கழட்டிட்டேன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க. நான் கேக்கறது ஸ்பிரிங்க."

அவன் பெல்ட் கொக்கியை நோண்டினான். பங்கின் தகரக் கூரையில் ஒரு காக்கை நடக்கும் சத்தம் கேட்டது.

"டிப்போ வாசல்லயே பாத்துட்டேன்," என்றாள் அவள். மரியாதை அதற்குள் களைத்துப்போய் இறங்கிவிட்டது. "டயருக்கு மேல என் கை முழுசா போகுது."

"பாத்துட்டு ஏன் கேக்கல?"

"கேட்டா நீ சொல்லணும். சொன்னா நான் வேண்டாம்னு சொல்லணும். வாலு ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும். எனக்கு முடியலப்பா."

அவன் இரண்டு விரலால் அளவு காட்டினான். "ரெண்டு இஞ்ச்தான். ஏரிக்குப் போற பாதை கடைசியில பாறையா இருக்கும். அடிவயிறு இடிக்கும். அதுக்காகத்தான் உசரத்த மட்டும் விட்டு வெச்சேன்."

"அந்தப் பாறை எவ்வளவு தூரம்?"

"அஞ்சு கிலோமீட்டர்."

"அஞ்சு கிலோமீட்டர் பாறைக்காக ரெண்டு மணி நேரத் தார் ரோட்டையும் ஆடிக்கிட்டே போவியா?"

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "பாறை சும்மா சாக்கு," என்றான். "எங்க ஜீப் சங்கத்துப் பசங்க வந்து எல்லாத்தையும் கழட்டிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. கடைசியா ஸ்பிரிங். நான் மட்டும் இருந்தேன். கை வரல. அதையும் எறக்கிட்டா இது யாரு வண்டியா வேணும்னாலும் இருக்கலாம்னு தோணுச்சு. என்கிட்ட வேற என்ன இருக்கு சொல்லு."

அவளுக்குப் புரிந்தது. அதுதான் எரிச்சல். புரியாமல் இருந்தால் கதவைச் சாத்திவிட்டு ஆட்டோ பிடித்துப் போயிருக்கலாம். இவன் ஓட்டத் தெரியாதவன் இல்லை. நல்ல கை. ஆனால் அந்தக் கைக்கும் ரோட்டுக்கும் நடுவே இந்த வண்டி நின்றுகொண்டு, இரண்டு பக்கமும் பொய் சொல்கிறது.

"வாலுவக் கூட்டிட்டுப் போ," என்றாள்.

அவன் திரும்பினான்.

"இதுல இல்ல. என் கார்ல."

அவளுடைய கார், ஒரு டீச்சரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஓடும், நிற்கும். அதைத் தவிர அதற்கு எந்த ஆசையும் கிடையாது.

"அந்த சோப்பு டப்பாவா? என் முட்டி காதுக்கு வரும்."

"வரட்டும்."

"பாறை ஏறாது."

"கீழ நிறுத்திட்டு நடங்க. ரெண்டு பேருக்கும் கால் இருக்குல்ல."

"சங்கத்துப் பசங்க வழியில பாத்தா..." என்று ஆரம்பித்தவன் தானே நிறுத்திக்கொண்டான்.

அவள் காத்திருந்தாள். இந்த ஒன்றை மட்டும் அவன் சார்பில் அவளால் சொல்ல முடியாது. அவன் பானெட்டைப் பார்த்தான். அதில் ஒட்டியிருந்த காய்ந்த சேற்றை, எந்த மலைச் சேறு என்று அடையாளம் தெரிந்த மாதிரி, வெகுநேரம் பார்த்தான். அவன் முடியாது என்று சொல்லிவிட்டால் இவள் மாடி ஏறிப் போய் மகளிடம் அதைச் சொல்ல வேண்டும். எந்த வார்த்தையில் தொடங்குவது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"கார் சாவி வீட்டுலதான இருக்கு?" என்றான்.

திரும்பி வரும்போது அவனே ஓட்டினான். மணல் லாரி ஒன்று முன்னால் வந்தது. அதன் பின்னாலேயே வந்தான்.

வாலு பையை முதுகில் மாட்டிக்கொண்டு, தூங்கும் பையை இடுக்கிக்கொண்டு, மாடிப்படியில் உட்கார்ந்திருந்தது. அம்மா கார் சாவியைக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்ததும் அதன் முகம் மாறியது. கண் நேராக அம்மா பக்கம் திரும்பியது.

"ஜீப் வேண்டாம்னு சொல்லிட்டியாம்மா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"அம்மா இல்ல வாலு. நான்தான் வேண்டாம்னேன்."

"நீயா?"

"நானேதான். வண்டி சரியில்ல. பை எங்க, குடு."

வாலு அவனை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு, யார் மேல் கோபப்படுவது என்று புரியாமல், பொதுவாகக் கோபித்துக்கொண்டு காருக்குள் ஏறிக் கதவை அறைந்தது. அவன் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, உடம்பை மூன்றாக மடித்து உள்ளே போனான். தலை கூரையில் இடித்தது.

"சேர்ந்ததும் மெசேஜ் போடச் சொல்லு," என்றாள் அவள்.

கார் தெருமுனையில் நின்று, தேவைக்கு மேலேயே காத்திருந்து, திரும்பியது.

அவள் மாடி ஏறினாள். சமையல் கட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். வழியெல்லாம் எத்தனை வளைவு, எத்தனை லாரி என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. மெசேஜ் வரும்வரை விழித்திருப்பது என்று முடிவு செய்து, போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு, யூனிபார்மைக்கூட மாற்றாமல் சோபாவில் சாய்ந்தாள்.

கண் விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. போன் நழுவித் தரையில் கிடந்தது. பதறி எடுத்தாள். மெசேஜ் எப்போதோ வந்திருந்தது.

'வந்துட்டோம். அப்பா வழியெல்லாம் லாரி பின்னாடியே ஓட்டினார். செம போர்.'

இரண்டாம் முறை படித்தாள். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டு, மறுபடியும் படுத்துக்கொண்டாள்.