விளக்கிலும் தெரிந்த தடம்

சூரியனின் வெளி வளிமண்டலத்தில் இருக்கும் காந்தப்புலத்தை அளப்பது லேசுப்பட்ட வேலையல்ல. அங்கிருந்து வரும் ஒளியில் அது விடும் தடம் அவ்வளவு மெல்லியது. அதைப் பிடிக்க ஒரு கருவியைச் செய்வதிலேயே அண்ணனுக்குப் பாதி ஆயுள் போயிற்று. 'சூரியன் வீட்டு மாப்பிள்ளை' என்று அண்ணி அவனைக் கேலி செய்வாள். மலைமேல் இருந்த ஆய்வுக்கூடத்தில் தங்கையும் அவனோடு வேலை பார்த்தாள்.

ஒருவழியாகத் தடம் கிடைத்தது. ஒரு சோதனை மட்டும் பாக்கி. வீட்டுக்குப் போய் வந்து செய்துகொள்ளலாம் என்று அண்ணன் கிளம்பினான். ஜீப் பனியில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. அவன் பிழைக்கவில்லை.

அழுதபடியே தங்கை கட்டுரையை எழுதி முடித்தாள். அவன் பெயர் முதலில் வந்தது. பாராட்டுகள் குவிந்தன. அந்தச் சோதனை யார் நினைவிலும் இல்லை.

அடுத்த கோடையில்தான் அவள் அதைச் செய்தாள். சூரியனை மறைத்துவிட்டுக் கருவியின் முன் ஒரு சாதாரண விளக்கை வைத்தாள். விளக்குக்கு ஏது அப்படியொரு காந்தப்புலம்? ஆனால் திரையில் அதே தடம். அவள் கருவியைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே ஒரு கண்ணாடித் தகட்டைத் திருகுகள் அழுத்திக்கொண்டிருந்தன. அதுதான் ஒளியைத் திரித்திருக்கிறது.

அண்ணியிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நேரே வீட்டுக்குப் போனாள்.

"அண்ணி, அந்தக் கட்டுரையைத் திரும்ப வாங்கப் போறேன்."

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஏன், யாராவது குறை சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. நாங்க அளந்தது சூரியனை இல்ல, எங்க கண்ணாடியை."

"வேற யாருக்குத் தெரியும்?"

"இப்போதைக்கு யாருக்கும் தெரியாது."

"அப்ப வாயை மூடிக்கிட்டு இரேன். செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்வாரா?"

"அதை நம்பி எத்தனையோ பேர் மேல மேல கணக்குப் போடறாங்க, அண்ணி."

"அவர் உயிரே அதுலதான் போச்சு. அதுவும் ஒண்ணுமில்லன்னா, எனக்கு என்னதான் மிச்சம்?"

அண்ணி எழுந்துபோய் உள்ளறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 'அவசரக் குடுக்கைகள்' என்று ஒரு கூட்டத்தில் யாரோ சொன்னதும் காதுக்கு வந்தது. அண்ணி ஊரை விட்டே போய்விட்டாள், போனையும் எடுப்பதில்லை.

தங்கை திருகுகளைத் தளர்த்தி, தகட்டை மாற்றி, கருவியை மறுபடி சூரியன் பக்கம் திருப்பினாள். அந்தப் பருவம் முழுக்கப் பார்த்தாள். திரையில் அர்த்தமில்லாத இரைச்சல் கோடுகளைத் தவிர எதுவும் வரவில்லை.