பனி உருக ஒரு நேர்ச்சை

பார்த்தேயிராத கடல் பொங்க வேண்டுமென்று உத்தமபாளையத்தில் ஒருத்தி நேர்ச்சை செய்தாள் என்றால் நம்புவீர்களா? கைருன்னிசா செய்தாள். பொங்கினால் தர்காவுக்குப் போர்வை போர்த்துவதாக வேண்டிக்கொண்டாள்.

அவள் புருஷன் நௌஷாத் மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். அரைத்து வைத்த மாவு புளிப்பதற்குள் கிளம்பிவிட்ட மாதிரி இருக்கும். மாமியாரும் மௌத்தான பிறகு வீட்டில் அவள் ஒருத்திதான்.

2009இல் அந்த நாட்டு மந்திரிகள் கடலுக்கடியில் உட்கார்ந்து கூட்டம் போட்டதை டிவியில் காட்டினார்கள். துருவத்துப் பனி உடைந்து சரிகிறது, கடல் ஏறுகிறது, தீவெல்லாம் முழுகிவிடும் என்று செய்தி. பக்கத்து வீட்டு ருக்சானா உச்சுக்கொட்டினாள். கைருன்னிசாவுக்கோ அன்றைக்கு இரண்டு கவளம் சோறு கூடவே இறங்கியது. தீவு முழுகினால் வாத்தியார் வீட்டுக்கு வந்துதானே ஆகவேண்டும்? எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து போன் வந்தது.

"அங்கன எப்பங்க முங்கும்?" என்று கேட்டாள்.

நௌஷாத் சிரித்தார். "யாரு கண்டா? நூறு வருசமும் ஆகலாம். பனி மொத்தமாக் கழண்டு விழுந்துச்சுன்னா சீக்கிரமும் ஆகலாம்."

நூறு வருஷத்தை விட்டுவிட்டு, பனி கழண்டு விழும் என்றதை மட்டும் அவள் பிடித்துக்கொண்டாள். மறுநாள் பிரிட்ஜை அணைத்து, பிரீசரைத் திறந்துபோட்டு எதிரே உட்கார்ந்தாள். வெகுநேரம் சொட்டுச் சொட்டாகத்தான் வடிந்தது. பிறகு பெரிய தகடு ஒன்று பொத்தென்று விழுந்தது. அந்த நம்பிக்கையில் செய்ததுதான் நேர்ச்சை.

சில மாதத்தில் பலித்தது. நௌஷாத் போனில் சொன்னார்.

"பெரிய அலை அடிச்சுக் கெணறெல்லாம் உப்பாப் போச்சு புள்ள. குடிக்கத் தண்ணியில்ல."

"அப்ப வந்துருவீகளா?"

"ரெண்டு வாத்தியாருக வேலைய விட்டுட்டுப் போயிட்டாக. நானும் வந்துட்டா புள்ளைகளுக்கு யாரு இருக்கா? இன்னும் ரெண்டு வருசம் இருங்கன்னு ஹெட்மாஸ்டர் கேட்டாக. சரின்னுட்டேன்."

ஏறிய கடல் அவரைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை, அங்கேயே கட்டிப்போட்டுவிட்டது. தான் வேண்டியதுதான் அந்தப் பிள்ளைகளின் கிணற்றில் போய் விழுந்ததோ என்று அவளுக்கு உடம்பு கூசியது. அழுகையும் வந்தது.

"கைரு, இருக்கியா?"

"இருக்கேன்."

"ஒரு பொம்பளப்புள்ள கேக்குது. சார், உங்க ஊரு உசரத்துல இருக்காமே, எங்களுக்கு எடம் கெடைக்குமான்னு. நான் என்ன சொல்ல?"

சமையல்கட்டில் கழுவிக் கவிழ்த்த ஒற்றைத் தட்டு அவள் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. அதைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் கூட்டிட்டு வாங்க," என்றாள். "வீடு காலியாத்தான் கெடக்கு."