வீரையாவின் வலக்கை

அது ஆடிக் கடைசியா, ஆவணி பிறந்துவிட்டதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல வரவில்லை. யானையின் எந்தக் காது என்பதிலும் சந்தேகம். தயாளினி சொன்னவற்றோடு நானாகச் சிலதைச் சேர்த்துக்கொண்டும் இருக்கலாம். ஆனால் வீரையா இடக்கையால் சோறு தின்றது நிச்சயம். எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

கிளிநொச்சிப் பக்கம், முரசுமோட்டையிலிருந்து உள்ளே போனால் ஒரு குளம். அதன் கரையில் குகதாசன் ஒரு விடுதி கட்டியிருந்தார். இருபது வருடம் சுவிஸில் இருந்துவிட்டுத் திரும்பியவர். தெற்கில் ஒருவரிடம் வாடகைக்கு ஒரு பெண் யானையை எடுத்து வந்து, மெனிக்கே என்ற அதன் பெயரை மாற்றி ‘வன்னி ராணி’ ஆக்கினார். வாசலில் பெரிய பலகை: ‘இங்கே அங்குசம் இல்லை. அன்பு மட்டுமே.’ விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் சனம் யானையைக் குளத்தில் இறக்கி, தேங்காய்ப் பொச்சுமட்டையால் தேய்த்துக் குளிப்பாட்டலாம். நாளைக்கு ஆறு தடவை. ஆறு தடவையும் யானை சேற்றில் சரிந்து படுக்க வேண்டும். ஆறு தடவையும் பாகன் வீரையா இடுப்பளவு தண்ணீரில் நிற்க வேண்டும். மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீரில் யானை லத்தி மிதக்கும். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது தயாளினியின் வேலை. “ராணிக்கு அடி உதை ஒண்டும் இல்லை. வீரையாண்ணை காதுக்குப் பின்னால தடவினால் போதும், படுத்திடுவாள்” என்பாள். நம்பித்தான் சொன்னாள். காலையில் விடுதிக் குசினியில் அவளே பச்சை மஞ்சள் அரைத்துக் கொடுப்பாள். வீரையா அதை யானையின் காதுகளுக்குப் பின்னால் அப்பிவிடுவார். மங்களமாக இருந்தது. சனம் அதற்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்துப் படம் எடுத்தது.

அன்று மத்தியானம் யானைக் கொட்டிலுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோனவள், வாசலிலேயே நின்றுவிட்டாள். வீரையா வலக்கையை மடியில் பொத்தி வைத்துக்கொண்டு, இடக்கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“சீ, என்ன அண்ணை உது? சோத்துக் கை எதெண்டு மறந்து போச்சோ?”

“மறக்கல தங்கச்சி.” தேயிலைத் தோட்டத்திலிருந்து வவுனியாவுக்கு வந்து குடியேறியவர்களின் பிள்ளை அவர்; வீட்டுப் பேச்சு இன்னும் மலைநாட்டுப் பேச்சுதான். “அந்தக் கையால தின்னா, ஒனக்குத்தான் வாந்தி வரும்.”

விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். உள்ளங்கையில் சைக்கிள் டியூப் துண்டொன்று சுற்றியிருந்தது. அதை விலக்கினார். ஒரு ஆணி. கூர் வெளியே பார்க்க, கொண்டை சதைக்குள் புதைந்திருந்தது. சுற்றிலும் வெள்ளையும் மஞ்சளுமாகச் சீழ்.

“தடவுறதுன்னு நீ சொல்றது இதத்தான். அமுக்குனா அவளுக்கும் குத்தும், எனக்கும் குத்தும்.”

“ஆர் செய்யச் சொன்னது?”

“பலகையில அங்குசம் இல்லேன்னு எழுதியாச்சே. அது படுக்கணுமே.”

எழுந்து போய் யானையின் காதைத் தூக்கினார். மஞ்சள் காய்ந்து வெடித்த இடத்தில் புண், அதில் புழு நெளிந்தது. தயாளினி தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்களில் காலையில் அரைத்த மஞ்சள்.

“பத்து நாள் தண்ணியில எறக்காம விட்டா ஆறிடும்” என்றார் வீரையா. “இல்லேன்னா தலைக்குள்ள ஏறிடும். மொதலாளிகிட்ட கேட்டுப் பாத்துட்டேன்.”

அவளும் போய்க் கேட்டாள். குகதாசன் கதிரையில் சாய்ந்திருந்தார்.

“பத்து நாளோ? ஆவணி முடிய சனம் எல்லாம் பிளேன் ஏறிடும் பிள்ளை. பிறகு யானையை நான் ஆருக்குக் காட்டுறது, கொக்குக்கோ?” சிரித்தார். “உவனுக்கு ஏலாதெண்டால் போகட்டும். தெற்கில ரெண்டு பேர் நிக்கிறாங்கள். நீ மஞ்சளைக் கொஞ்சம் தடிப்பா அரை.”

மூன்று மணிக்கு இருபது பேர் வந்தார்கள். தண்ணீருக்குள் இறங்குமுன் வீரையா அவளருகில் குனிந்து, “வாயத் தொறந்துடாத. வேற ஆள் வந்தா ஆணியோட நிக்க மாட்டான்” என்றார்.

அவள் பலகைக்குக் கீழே நின்று தொடங்கினாள். “இங்கே அங்குசம் இல்லை...”

சனம் காத்திருந்தது, பிறகு போனைப் பார்த்தது. யாரோ இருமினார்கள். யானை தும்பிக்கையால் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தது.

“ஆணி இருக்கு” என்றாள். “அண்ணை, கையைக் காட்டுங்கோ.”

வீரையா கையைப் பொத்தியே வைத்திருக்கலாம். அவர் பல்லால் டியூப்பை இழுத்து அவிழ்த்து, கையை விரித்துத் தூக்கினார். பிறகு இடக்கையால் தண்ணீர் அள்ளி யானையின் காதுக்குப் பின்னால் ஊற்றினார். மஞ்சள் கரைந்து ஓடியது. அதோடு புழுக்களும்.

ஒரு பெண் ஓங்காளித்தாள். “சின்னப் பிள்ளையள் நிக்குதுகள், உதையெல்லாம் காட்டலாமோ?” என்று ஒருவர் கத்தினார், கத்திக்கொண்டே போனில் படமும் பிடித்தார். குகதாசன் ஓடி வந்து, தனக்கு ஒன்றும் தெரியாது, பாகன்தான் குடிகாரன் என்றார். அப்போது தொப்பி போட்ட ஒருவர் தயாளினியிடம் வந்து மெதுவாகக் கேட்டார்:

“அப்ப இண்டைக்குக் குளிப்பாட்டுறது இல்லையோ தங்கச்சி? நாங்கள் யாழ்ப்பாணத்திலயிருந்து வான் பிடிச்சு வந்தனாங்கள்.”

சீழைப் பார்த்தபோது வராத வாந்தி அவளுக்கு அப்போது வந்தது. பலகையின் காலைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள்.

அந்தப் படம் பரவியது. ஒன்பதாம் நாள் அதிகாரிகள் வந்தார்கள். மெனிக்கே இப்போது தெற்கில், தன் சொந்தக்காரரிடம் இருக்கிறது. காது ஆறிவிட்டது, திருவிழா ஊர்வலங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். சீழ் ஏறியதால் வீரையாவுக்கு வலக்கையின் நடுவிரலை எடுத்துவிட்டார்கள். வவுனியாவில், நெளுக்குளத்தில் ஒரு அரிசி ஆலையில் காவலுக்கு இருக்கிறார், இடக்கையால் சாப்பிடுகிறார். குகதாசன் குளத்தில் படகு விடுகிறார். பலகையை இறக்கவில்லை, எழுத்தை மட்டும் மாற்றியிருக்கிறார். தயாளினி கிளிநொச்சியில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். அவள் வீட்டில் மஞ்சள் அரைப்பது தாய்தான்.