இரண்டு முறை பாதியான ஜோடி

அரங்கத்தின் கடைசி வரிசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்த அண்ணிக்குத் திடீரென்று பகீரென்றது. தன் கணக்கு தப்பு. மேடையிலோ, சோதனை முடிவை வெளியிட வந்த நாத்தனார் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

புரோட்டான்களை அசுர வேகத்தில் மோதவிட்டால், எப்போதாவது ஜே-சை என்னும் கனமான துகள்கள் ஜோடியாகப் பிறக்கும். எத்தனை ஜோடி பிறக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வது அண்ணியின் பிழைப்பு. மோதவிட்டு எண்ணிப் பார்ப்பது நாத்தனாரின் பிழைப்பு. ஒரே வீட்டில் சாப்பிட்டாலும், முடிவு வெளியாகும்வரை அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. வாயாடியான நாத்தனாரும் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடவில்லை.

ஜோடியில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. இடம் மாற்றி வைத்தால் புது ஜோடி ஆகிவிடாது. அதனால் விடையைப் பாதியாக்க வேண்டும். அண்ணி பாதியாக்கியிருந்தாள். போன வருஷம் அவளே எழுதிய கணினி நிரலும் உள்ளுக்குள் ஒருமுறை பாதியாக்கியிருந்தது! அப்படியென்றால் சரியான விடை, ஊருக்கெல்லாம் சொல்லிவைத்ததைப் போல இரண்டு மடங்கு.

இப்போது திருத்தினால் சும்மா விடுவார்களா? அளந்த முடிவும் இரண்டு மடங்காகவே இருந்துவிட்டால், நாத்தனார் வீட்டில் உளறிவிட்டாள் என்பார்கள். பாவம், அவள் பெயர் கெட்டுவிடும். பேசாமல் இருந்தாலோ, தப்பென்று தெரிந்த கணக்கு, அளவுப் புள்ளிகளோடு ஒரு கோடாகத் தன் பெயரில் திரையில் ஏறும். அதை நினைத்தாலே உடம்பு கூசியது. எழுந்துவிட்டாள்.

"ஒரு நிமிஷம்! படத்தப் போடறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். ரெண்டு தடவ பாதியாக்கிட்டேன். சரியான விடை ரெண்டு மடங்கு!"

"வீட்டுல பேசிக்கிட்டாங்க போல" என்றார் முன்வரிசையில் ஒருவர், எல்லார் காதிலும் விழும்படி.

நாத்தனார் பேயறைந்தவள்போல நின்றாள். "அண்ணி, உக்காருங்க" என்று மைக்கிலேயே கெஞ்சினாள். வேறு வழியில்லாமல் படத்தைப் போட்டாள்.

அளந்த புள்ளிகள் அத்தனையும் அண்ணியின் பழைய கோட்டின்மேல், அந்தத் தப்பான கோட்டின்மேல், கச்சிதமாக உட்கார்ந்திருந்தன.

அரங்கமே கொல்லென்று சிரித்தது. நாத்தனார் உளறவில்லை என்பது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்துபோனது. பேச்சு முடிந்ததும் அவள் ஓடிவந்தாள்.

"பத்து நிமிஷம் சும்மா இருந்திருந்தா, இன்னைக்கு உங்களத் தலையில தூக்கி வச்சு ஆடியிருப்பாங்களே!"

அண்ணிக்கு அதெல்லாம் காதில் விழவே இல்லை. சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

"உன் அளவு சரிதானே?"

"மூணு குழுவா தனித்தனியா பாத்தாச்சு அண்ணி. சரிதான்."

"என் கணக்கும் இப்பதான் சரி. அப்போ மிச்சப் பாதி ஜோடிங்க எங்கடி போச்சு?"

வாசல்வரை போய்விட்டவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.