இருபத்திரண்டாம் வெல்டு

விளக்குப் பெட்டியின் மேல், குழாயைப் பற்றவைத்த இணைப்புகளின் இரண்டு எக்ஸ்ரே படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள் ஸ்ரீமதி. பதினான்காம் வெல்டிலும் இருபத்திரண்டாம் வெல்டிலும் ஒரே இடத்தில் ஒரே கறுப்புப் புள்ளி. ஓரத்து எண்கள் மட்டும் வேறு.

கடலூரில் அந்த ஆலையின் அமிலக் குழாய்க்கு இருபத்தெட்டு வயது. அவளைவிட இரண்டு கூடுதல். பராமரிப்புக்காக நிறுத்திய ஆலை மறுநாள் காலை ஓடவேண்டும். வெல்டுகள் தாங்கும் என்று கையெழுத்துப் போடவேண்டியவள் அவள்.

படம் எடுத்த மணவாளன் சிரித்தான்.

"ரெண்டு பொண்ணுங்க ஒரே எடத்துல பொட்டு வெச்சிக்கக் கூடாதா மேடம்?"

"ஒரே கோணலா வெச்சிருந்தா அது ஒரே பொண்ணுதாண்ணே."

பிறகு ஒப்புக்கொண்டான். இருபத்திரண்டாம் வெல்டு முப்பதடி உயரத்தில் இருக்கிறது. சாரம் கட்டுகிறவர்கள் எல்லோரும் சிதம்பரத்துக்காரர்கள். ஆனித் தேர் இழுக்கப் போய்விட்டார்கள். அதனால் கைக்கு எட்டிய பதினான்கையே எண்ணை மாற்றி இன்னொரு முறை எடுத்துவிட்டான். ஆலையை ஆண்டுதோறும் ஆனியில்தான் நிறுத்துகிறார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பழைய கோப்புகளை இழுத்தாள். 2008, 2007, 2006. மூன்றிலும் இருபத்திரண்டுக்கு நேராக அதே கோணல் பொட்டு.

மேலாளர் சிங்காரம் படங்களைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். சாரக்காரர்கள் வர இரண்டு நாளாகும் என்றார். இத்தனை வருஷம் ஒழுகாதது நாளைக்கா ஒழுகப்போகிறது என்றார். அவள் கையெழுத்துப் போடாவிட்டால், போடுகிற ஒருவர் சென்னையிலிருந்து மாலைக்குள் வந்துவிடுவார் என்றார். எதையும் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கையெழுத்துப் போடாமல் வெளியே வந்து, அந்த வெல்டுக்கு நேர் கீழே இருந்த தூணில் சாக்பீஸால் எழுதினாள்: 'மேலே இருபத்திரண்டு பார்க்கப்படவில்லை.' சிறுபிள்ளைத்தனமாகத்தான் இருந்தது. அழிக்கவும் மனம் வரவில்லை.

டீ கேனோடு வந்த கேண்டீன் இருசம்மாள், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். ஸ்ரீமதி மேலே காட்டிச் சொன்னாள். நாளை காலை அதற்குள் அமிலம் ஓடும் என்பதையும் சொன்னாள்.

"நாளைக்கும் நாந்தானம்மா இந்தப் பக்கம் டீ கொண்டாரணும்."

இருசம்மாள் வந்த வழியே திரும்பினாள். எதிரே பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள்.

சென்னையிலிருந்து வந்தவர் ஐந்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார். ஆனால் மறுநாள் காலை, அந்தத் தூணைத் தாண்டிப் போய் வால்வைத் திறக்க ஆள் கிடைக்கவில்லை.