ஆரஞ்சு மணக்காத பகல்

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் கண்ணாடிக் கடைக்காரர் குளியலறையில் நின்று உப்புப் போட்ட வெந்நீரில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குழாயையும் திறந்துவிட்டிருந்தார், கொப்பளிக்கும் சத்தம் வெளியே போகாமல் இருக்கட்டும் என்று. தொண்டையில் மணல் துகள் ஒட்டிக்கொண்டதுபோல் ஓர் உறுத்தல். முந்தின நாள் முழுக்கக் கடையில் லென்ஸ் தீட்டிய தூசியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நெற்றி லேசாகச் சுட்டது. வெந்நீர் ஆவிதான் என்று அதற்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது.

"என்னங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று கதவுக்கு வெளியிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. வாய் வறண்டு கிடக்கு, அவ்வளவுதான்."

மருந்து வைக்கும் இழுப்பறையைத் திறந்தார். வீட்டிலேயே தொற்றைச் சோதித்துப் பார்க்கும் பெட்டி மேலாகவே கிடந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை நகர்த்திவிட்டு அடியில் இருந்த காய்ச்சல் மாத்திரையை எடுத்து விழுங்கினார். அன்று போகவிருந்த கேளிக்கைப் பூங்காவின் நுழைவாயிலில் நெற்றிக்கு நேராகக் காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்டுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

இத்தனைக்கும் அவர் அலட்சியமான மனிதர் அல்ல. தொற்றுநோய் வந்த நாளிலிருந்து அவர் கடையில் ஒருவர் போட்டுப் பார்த்த கண்ணாடிச் சட்டத்தைத் துடைக்காமல் இன்னொருவர் தொட முடியாது. "மூக்குக்கு மேல ஏத்துங்க" என்று வருகிறவர்களையெல்லாம் முகக்கவசத்தைச் சரி செய்ய வைப்பார். வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'மூக்கு வாத்தியார்'. அப்படிப்பட்டவருக்கு அன்று மட்டும் ஏன் புத்தி அப்படிப் போயிற்று என்றால், அதற்குக் காரணம் அவருடைய அக்கா.

அக்கா பள்ளியில் கணக்கு டீச்சர். ரத்தத்தில் வந்த நோய்க்காக மாதக்கணக்கில் மருத்துவமனையில் படுத்திருந்துவிட்டு வந்தவள். அவள் படுத்திருந்த அறையின் ஜன்னலில் தூரத்து வானமும் அதில் ஒரு ராட்சத ராட்டினமும் தெரியும். தொற்று பரவிய காலம் என்பதால் ராட்டினம் இருந்த பூங்காவை மூடியிருந்தார்கள். சுற்றாத ராட்டினம் பகலெல்லாம் மூடுபனியில் நிறுத்திவைத்த சைக்கிள் சக்கரம்போல் நிற்கும். "அது எப்ப சுத்த ஆரம்பிக்குதோ, அன்னிக்கு நீயும் நானும் அதுல ஏறணும்டா நத்தை" என்று போனில் சொல்வாள். சின்ன வயதில் எல்லாவற்றிலும் நிதானம் என்பதால் தம்பியை அவள் நத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

இப்போது பூங்காவைத் திறந்துவிட்டார்கள். அக்காவின் தலையில் முடி புது வெல்வெட்டுத் துணிபோல் முளைத்திருந்தது. திறந்த வெளி, குறைந்த கூட்டம், முகக்கவசம் என்று நிபந்தனைகள் போட்டு டாக்டரும் சம்மதித்துவிட்டார். 'வாலு' என்று பெயரெடுத்த, கண்ணாடிக் கடைக்காரரின் ஏழு வயது மகள், ஒரு வாரமாக ராட்டினத்தைத் தவிர வேறு எதையும் வரையவில்லை. இந்தக் காலையில் போய் "எனக்குத் தொண்டை வலிக்குது" என்று எப்படிச் சொல்வது?

நுழைவாயிலில் கருவியின் பச்சை விளக்கு அவரை உள்ளே விட்டது. அக்கா தன் வண்டியிலேயே வந்திருந்தாள். ஒரே காரில் அடைபட்டு வர வேண்டாம் என்பது அவள் போட்ட விதி. சாப்பாடு வீட்டிலிருந்து எடுத்து வர வேண்டும், தனித்தனியாக உட்கார வேண்டும், இருட்டுக் குகை, பேய் வீடு போன்ற மூடிய இடங்கள் ராட்டினக் கூண்டைத் தவிர வேறெதுவும் வேண்டாம், கூட்டம் சேரும் முன் கிளம்பிவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் கணக்கு டீச்சர் தெளிவாகச் சொல்லியிருந்தாள். கைகளில் கிருமிநாசினியை ஊற்றித் தேய்த்துக்கொண்டு, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நடந்தார்கள்.

உள்ளே போனதும் கண்ணாடிக் கடைக்காரருக்கு எல்லாமே கனவுபோல் இருந்தது. பாதிக் கூட்டம்கூட இல்லை. யாரும் ஏறாத மரக்குதிரைகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மெதுவாகச் சுற்றின. எங்கிருந்தோ ஓர் இசை, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் வந்தது. ஓர் இயந்திரம் பெரிய பெரிய சோப்புக் குமிழிகளை ஊதிவிட, அவை வெறிச்சோடிய பாதையின் மேல் யாருக்கும் அவசரமில்லை என்பதுபோல் மிதந்தன. முகக்கவசம் போட்ட கரடி வேடக்காரர் தூரத்தில் நின்றபடியே கையசைத்தார். மூச்சுக்காற்று பட்டுக் கண்ணாடிக் கடைக்காரரின் மூக்குக் கண்ணாடி அடிக்கடி மங்கியது. மங்கும்போதெல்லாம் வண்ணங்கள் கரைந்து ஒன்றோடொன்று கலந்தன. கால்கள் தரையில் பாவாததுபோல் லேசாக இருந்தன. சந்தோஷம் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டார்.

மனைவியும் மகளும் அவரும் ஒரு படகில் ஏறினார்கள். படகுக்காரர் குனிந்து அவர்களுடைய பெல்ட்டை இழுத்துச் சரிபார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக் கடைக்காரருக்கு இருமல் வந்தது. முழங்கைக்குள் முகத்தைப் புதைத்து இருமினார். "தூசி" என்றார், யாரும் கேட்காமலே. படகு பூக்கள் தொங்கும் வளைவுகளுக்குக் கீழே அசைந்து அசைந்து போயிற்று. வாலு தண்ணீரில் விழுந்த தன் நிழலுக்குப் பேர் வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். மனைவி அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள். பார்த்தாளே தவிர, எதுவும் கேட்கவில்லை.

மதியம் மரத்தடிப் புல்வெளியில் உட்கார்ந்தார்கள். அக்கா எட்டத்தில் இன்னொரு மரத்தடியில் தன் ரொட்டியைப் பிரித்துவைத்துக்கொண்டாள். வாலு ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரிக்கத் தெரியாமல் உரித்தாள். தோலிலிருந்து தெறித்த துளி அவர் கண்ணில் பட்டுச் சுரீரென்றது.

"ஐயோ, சாரிப்பா. ஆனா வாசனை சூப்பரா இருக்குல்ல? மோந்து பாருங்க."

அவர் முகக்கவசத்தைக் கழற்றித் தோலை மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றுமில்லை. கையில் கசக்கிவிட்டு மறுபடி மூச்சை இழுத்தார். விரல்கள் பிசுபிசுத்தன, கண் இன்னும் எரிந்தது, மூக்குக்கு மட்டும் எதுவும் வந்து சேரவில்லை. காகிதத்தை மோந்து பார்ப்பதுபோல் இருந்தது. காலையிலிருந்து தன்னைச் சுற்றி மிதந்த கனவு என்னவென்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அது காய்ச்சல்.

"டேய் நத்தை, எழுந்திரு. கூட்டம் வர்றதுக்குள்ள போயிடலாம்" என்று அக்கா அங்கிருந்தே கூப்பிட்டாள். அவள் ஏற்கெனவே ராட்டினத்தை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தாள்.

அவரும் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்தார். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வோர் அடியிலும் நினைத்தார். ஒருவேளை மூக்கடைப்பாக இருக்கலாமே என்று அடுத்த அடியில் நினைத்தார். இப்படியே ராட்டினத்தின் கீழ் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

தரையில் இடைவெளி விட்டு மஞ்சள் வட்டங்கள் வரைந்திருந்தார்கள். ஆளுக்கொரு வட்டத்தில் நின்றார்கள். ராட்டினத்தை இயக்கும் பெண் ஒவ்வொரு கூண்டையும் துடைத்துவிட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். கூண்டு கண்ணாடிச் சுவர்கள் கொண்ட சின்ன அறை. இரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்கால்கள் இடித்துக்கொள்ளும்.

"ஒரே குடும்பந்தானேம்மா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"என் தம்பிதான்" என்றாள் அக்கா. அவள் குரலில் சிரிப்பு இருந்தது.

"யாருக்காவது காய்ச்சல், இருமல், வாசனை தெரியாமப் போறது, அப்படி ஏதாவது இருக்கா?" நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன கேள்வி. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே அக்கா கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்து கையை நீட்டினாள். முகக்கவசத்துக்கு மேலே அவளுடைய கண்கள் மட்டும் தெரிந்தன. மருத்துவமனைப் படுக்கையிலிருந்து போன் திரைவழியே பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள். அந்தக் கையைத் தொட இன்னும் ஓர் எட்டுதான் வைக்க வேண்டும்.

அவர் வட்டத்தை விட்டு நகரவில்லை.

"அக்கா, நான் வரல."

"என்னடா, பயமா?"

"எனக்கு வாசனை தெரியலக்கா. காலைலேருந்து தொண்டை வலி. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுட்டுதான் வந்தேன்."

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல மடிக்குத் திரும்பியது. ராட்டினக்காரப் பெண் கதவைச் சாத்தினாள். அக்கா தனியாக மேலே ஏறினாள். மேகத்தை நோக்கிக் கூண்டு போகப் போக, அவள் கண்ணாடிக்குள் ஒரு சின்னப் புள்ளியாகிவிட்டாள்.

பின்வட்டத்தில் நின்ற மனைவி வாலுவின் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள்.

"கொப்பளிச்ச சத்தம் கேட்டுச்சு எனக்கு" என்றாள் தணிந்த குரலில். "படகுல இருமினதையும் பாத்தேன். கேட்டா இந்த நாள் போயிடுமேன்னு கேக்காம இருந்துட்டேன். உங்களை மட்டும் சொல்ல எனக்கு வாயில்ல."

அவர் ராட்டினக்காரப் பெண்ணிடமும் எல்லாவற்றையும் சொன்னார். அவள் யாருக்கோ போன் செய்தாள். அவர்களைக் கூட்டமில்லாத பின்வழியாக அனுப்ப ஏற்பாடாயிற்று. போகிற வழியில் படகுத்துறை இருந்தது. எட்ட நின்றபடியே படகுக்காரரிடமும் விஷயத்தைச் சொன்னார். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவர் திட்டவில்லை. பெல்ட்டைப் பிடித்திருந்த தன் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"வீட்ல கைக்குழந்தை இருக்கு சார்" என்றார். "இன்னிக்கு எங்க போய்ப் படுக்கறதுன்னுதான் யோசிக்கிறேன்."

அதைவிடக் கன்னத்தில் ஓர் அறை கொடுத்திருக்கலாம் என்று கண்ணாடிக் கடைக்காரருக்குத் தோன்றியது. வாகனங்கள் நிற்குமிடத்தில், இறங்கி வந்த அக்காவைத் தூரத்திலிருந்து பார்த்தார். அவள் இவர்கள் பக்கம் திரும்பாமல் வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

சோதனையில் அவருக்குத் தொற்று உறுதியானது. பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார். மனைவி சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்ததும் எடுத்துக்கொள்வார். காய்ச்சல் ஏறிய பகல்களில் அறையின் கூரை மெல்லச் சுற்றும். சுற்றும் கூரையில் ஒவ்வொன்றாகக் கூண்டுகள் வந்து போகும். எல்லாம் காலி. ஏதோ ஒரு கூண்டில் மட்டும் யாரோ இருப்பதுபோல் இருக்கும். எழுந்து பார்க்கப் போனால் விழிப்பு வந்துவிடும். பூங்காவிலிருந்து ஒருநாள் தகவல் வந்தது: படகுக்காரர் விடுப்பில் தனியாகத் தங்கியிருந்தார், அவருக்குத் தொற்று இல்லை. அக்காவிடமிருந்து மட்டும் ஒரு வார்த்தையும் இல்லை. இவர் அனுப்பிய செய்திகளைப் படித்திருந்தாள், பதில் போடவில்லை.

காய்ச்சல் விட்ட ஒரு மாலையில் அவளே கூப்பிட்டாள்.

"ரெண்டாவது தடவையும் பாத்தாச்சு. எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். "அக்கா, நீ ஏமாந்து போயிடக் கூடாதுன்னுதான் சொல்லாம…"

"பொய் சொல்லாத. உனக்கும் அந்த நாள் வேணும்னு இருந்துச்சு. எனக்காகன்னு ஏன் என் தலையில கட்டுற?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மேல போறப்ப கீழ பாத்தேன். மஞ்சள் வட்டத்துக்குள்ள நீ தனியா நிக்கிற. பாதிச் சுத்து வரைக்கும் உன்னைத் திட்டித் தீத்தேன். உச்சிக்குப் போனதும் நான் படுத்திருந்த ஆஸ்பத்திரி தெரிஞ்சுது. மறுபடி அங்க போய்ப் படுத்திருப்பேனேடா. இந்த உடம்பு அதைத் தாங்கியிருக்குமா? மீதிச் சுத்து பூரா அழுதுட்டுத்தான் இறங்கினேன்."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"வட்டம் போட்டாங்க, துடைச்சாங்க, மாஸ்க் போட்டோம், தள்ளி உக்காந்தோம். நீ ஒருத்தன் வாயைத் திறக்காததால அத்தனையும் வீணாப் போகப் பாத்துச்சு. மாஸ்க் மூக்கையும் வாயையும் மூடத்தான்டா, உண்மையை மூட இல்ல. உடம்பு சரியில்லைன்னா சரியில்லைன்னு சொல்லிட்டு வீட்ல இரு. நம்ம கூட இருக்கறவங்களுக்கு நாம செய்யற மரியாதை அதுதான். நாளைத் தள்ளிப்போட்டா இன்னொரு நாள் வரும். ஆள் போயிட்டா?"

அவர் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ உட்காருகிற சத்தம் கேட்டது.

"அப்பா, அத்தை என்ன சொன்னாங்க? கோவமா?"

"கோவம்தான். உடம்பு சரியில்லைன்னா மறைக்காம சொல்லணும்னு சொன்னாங்க. நான் சொல்லல பாரு, அது தப்பு."

சின்ன நகம் ஒன்று கதவைச் சுரண்டுவது கேட்டது. பிறகு வாலுவின் குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக வந்தது.

"அப்பா, எனக்கும் காலைலேருந்து தொண்டை வலிக்குது. அம்மா பயப்படுவாங்கன்னு நான் சொல்லல."

அவர் எழுந்து கதவருகே வந்து தரையில் உட்கார்ந்தார். கதவைத் திறக்க முடியாது. உள்ளங்கையை மட்டும் மரத்தில் வைத்துக்கொண்டார். பூங்காவுக்குப் போன அன்று காலையில் தான் குழாயைத் திறந்துவிட்டுக் கொப்பளித்தது நினைவுக்கு வந்தது. குழந்தைகள் நாம் சொல்லிக்கொடுப்பதை எங்கே கற்கிறார்கள்? நாம் செய்வதைத்தான் கற்கிறார்கள்.

"சொல்லிட்டியேடா கண்ணு, அது போதும். இப்ப மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு, தள்ளி நின்னு அம்மாவைக் கூப்பிட்டு இதையே சொல்லு. அம்மா பயந்தா பயப்படட்டும். தெரிஞ்சு பயந்தா வைத்தியம் பாக்கலாம். தெரியாம சந்தோஷமா இருந்துதான் நான் உங்க எல்லாரையும் ஆபத்துல நிறுத்தினேன்."

சின்னக் காலடிகள் கூடத்தை நோக்கிப் போயின. பிறகு "அம்மா, கிட்ட வராதீங்க, ஒண்ணு சொல்லணும்" என்று மகள் தெளிவாகச் சொல்வது கேட்டது.