மூன்று விரல் வாய்

உலகில் மூன்று சொட்டு எண்ணெய்க்கு அடங்காத கீல் எதுவுமே கிடையாது. இதைக் கண்டறிந்தவர் என் அப்பா. கதவு, ஜன்னல், கடை ஷட்டர் என்று ஊர் முழுக்கப் பழுது பார்ப்பவர். எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு மட்டும் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே முனகிக்கொண்டிருக்கிறது. அது வேறு விஷயம்.

அக்காவின் தாடை பூட்டிக்கொண்டபோதும் அவர் எண்ணெய்க் கிண்ணத்தோடுதான் வந்தார்.

"தாடையும் கீல்தானே. காலைல சரியாயிடும்."

சரியாகவில்லை. தலையணை உறைதான் நாசமானது.

அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். சில மாதங்களாகவே கொட்டாவி விட்டால் அவள் காதருகே டக்கென்று சத்தம் வரும். ஒருநாள் சத்தம் நின்றது. வாயும் ஒரு விரல் அளவோடு நின்றுவிட்டது. 'ஆ' என்று சொல்ல எவ்வளவு வாய் வேண்டும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவள் ஆறாம் நடைமேடை என்றாள். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஏழாவதுக்கு ஓடினார்கள்.

மேலாளர் நல்ல மனிதர். "வாய் சரியானா மைக் உனக்குத்தாம்மா. இல்லேன்னா சாமான் அறையில ஒரு நாற்காலி காலியா இருக்கு" என்றார். அந்த நாற்காலியை நினைத்தாலே அக்காவுக்குக் கண் கலங்கும்.

"டிஸ்க் விலகியிருக்கு" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் அப்பா அக்காவின் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டுத் தரையில் ஒரு பலகையைப் போட்டார்.

"எதுக்குப்பா?" என்றேன்.

"டிஸ்க் விலகினா பலகையிலதான் படுக்கணும். எனக்கே ரெண்டு தடவை விலகியிருக்கு."

"அது முதுகுப்பா. இது தாடை."

"ரெண்டும் ஒரே உடம்புலதானே இருக்கு."

அக்கா ஒரு வாரம் பலகையில் படுத்தாள். எதிர்த்துப் பேச அவளுக்கு வாய் போதவில்லை.

மாத்திரை, பல்லில் மாட்டும் தகடு, மூட்டுக்குள் ஊசி போட்டுக் கழுவுவது என எதுவும் பலிக்காமல் கடைசியில் அறுவை சிகிச்சை. காதுக்கு முன்னால் கீறி, மூட்டுக்குள்ளிருந்து முன்பக்கம் நழுவியிருந்த தட்டைப் பழைய இடத்துக்கு இழுத்துத் தைத்தார்கள்.

"வாஷர் நழுவிடுச்சுன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே டாக்டர்?"

"சொன்னா நீங்க எண்ணெய் விட்டிருப்பீங்க."

"அது அப்பவே விட்டாச்சு" என்றார் அப்பா.

உண்மையான வேலை அதன் பிறகுதான். தினமும் பற்களுக்கு நடுவே ஐஸ் குச்சிகளை அடுக்கி, ஒவ்வொன்றாகக் கூட்டி, மூன்று விரல் நுழையும் அளவுக்கு வாயைக் கொண்டுவர வேண்டும். விட்டுவிட்டால் உள்ளே தழும்பு இறுகி மூட்டு மறுபடி பூட்டிக்கொள்ளும். அக்கா குளியலறைக் கண்ணாடி முன் நின்று, எச்சில் வழிய, கண்ணில் நீர் முட்டக் குச்சி செருகினாள். அப்பா வாசலில் சாய்ந்து நின்று பார்த்தார்.

"நான் மாட்டின கதவு எதுவும் இப்படிக் கண்ணாடி முன்னாடி நின்னு பயிற்சி எடுத்ததில்ல. இந்த வாய்க்கு முன்னாடி தபால் பெட்டி கெட்டுது போ."

எனக்கும் சிரிப்பு வந்தது. அக்கா குச்சிகளைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். பிறகு எடுக்கவே இல்லை.

அடுத்த முறை டாக்டர் அளந்து பார்த்தார். போன தடவை இரண்டு விரல் நுழைந்த இடத்தில் இப்போது ஒன்றரைகூட நுழையவில்லை.

"பயிற்சிய நிறுத்திட்டீங்களா? இப்படியே போனா மறுபடி கீறணும். அப்பவும் இந்த அளவு திரும்புமான்னு என்னால சொல்ல முடியாது."

திரும்பி வரும்போது அக்கா பேருந்தில் என் காதோரம் மட்டும் சொன்னாள்: "யாராச்சும் பாத்துட்டு நின்னா என்னால முடியலடா."

முன் இருக்கையில் அப்பா வெளியே போகிற கடை ஷட்டர்களை எண்ணுவதுபோல் உட்கார்ந்திருந்தார். இறங்கும்வரை திரும்பவில்லை.

மறுநாள் காலை பல் துலக்கப் போனேன். குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. கண்ணாடி முன் அக்கா, வாய் நிறையக் குச்சியோடு. பக்கத்தில் அப்பா, அதே கோலத்தில், எச்சில் பனியனில் வழிய. அக்கா ஒரு குச்சி கூட்டினால் அவரும் ஒன்று கூட்டினார். அவளைவிட ஒன்றுகூட அதிகம் வைக்கவில்லை.

கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார். பேச வாயில்லாததால், கதவைச் சாத்தும்படி கையைக் காட்டினார்.

சாத்தினேன். அது முனகியது.